எந்தக் கையில் போட்டாய்?

கல்மண்டபம்
5.4.2021

அன்புத் தங்கை அன்புக்கரசிக்கு,

ஆண்டவன் புண்ணியத்தில் உன் அக்கா உயிரோடுதான் இருக்கிறேன். வியாசர்பாடியில் நீயும் நீலமேகமும் மதியும் சுகமாக இருக்க ஐந்து வேளையும் துஆ கேட்கிறேன்.

உன் பிளாக்கில் இருக்கும் பூவம்மாவை எங்கள் தெருவைக் கூட்டப் போட்டிருக்கிறார்கள். உன்னை மாதிரியே இடுப்பில் கை வைத்து நடந்துகாட்டித்தான், நீ அனுப்பிய ஆள் என்று எனக்குப் புரியவைத்தாள். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு உன் துண்டுச் சீட்டைக் கொடுத்தாள். இனிமேல் அவள்தான் நமக்குத் தபால்காரி. மகன் தௌசீஃப் பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு டச் போன் வாங்கித் தருகிறேன் என்று மூன்று பெருநாளாகச் சொல்கிறான். அது வரும்போது வரட்டும்.

என் காது போன நாளிலிருந்து நான் மனிதர்களின் வாயைப் பார்த்துத்தான் பிழைக்கிறேன், உனக்குத் தெரியாததா. இப்போது ஊரே வாயை மூடிக்கொண்டு திரிகிறது. போன வாரம் வீட்டுக்காரர் மஜீது பாய் மாடிப்படியில் நின்று ஏதோ சொன்னார். மாஸ்க்குக்கு மேலே கண் மட்டும்தான் தெரிந்தது. வாடகை பற்றியோ தண்ணீர் பற்றியோ சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்து வைத்தேன். அவருடைய மச்சான் மௌத்தான செய்தியாம் அது. நான் சிரித்திருக்கிறேன் அன்பு. அன்றிலிருந்து கதவைத் திறக்கவே கூச்சமாக இருக்கிறது.

அதனால் ஒரு வேலை செய்தேன். புடவை உறை பிளாஸ்டிக்கை வெட்டி, மாஸ்க்கின் நடுவில் ஜன்னல் மாதிரி வைத்துத் தைத்தேன். பூவம்மாவிடம் ஒன்று கொடுத்தனுப்புகிறேன். நீ அதைப் போட்டுக்கொண்டு ஒருநாள் என் எதிரில் வந்து நின்றால் போதும். ஒருத்தியின் வாயையாவது பார்த்துவிடுவேன்.

நாற்பத்தைந்து தாண்டியவர்கள் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று சீட்டில் எழுதியிருக்கிறாய். அந்தப் பேச்சை மட்டும் என்னிடம் எடுக்காதே. ஒரு ஊசி காதை வாங்கிக்கொண்டது. இன்னொன்றுக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

உன் அக்கா,
ஷம்ஷாத்


வியாசர்பாடி
11.4.2021

பாசமுள்ள ஷம்ஷாத் அக்காவுக்கு,

ஜெய்பீம். இங்கே எல்லாரும் நலம்.

உன் ஜன்னல் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு குழாயடிக்குப் போனேன். குடத்தை விட்டுவிட்டு என்னைத்தான் பார்த்தார்கள். "இன்னாக்கா இது, வாய்க்கு ஷோகேஸ் வெச்சிக்கினு வந்துகீற?" என்று ஒருத்தி கேட்டாள். மதி விழுந்து விழுந்து சிரித்தாள். பேசினால் ஆவி படிந்து ஜன்னல் மங்கிப்போகிறது, அது ஒன்றுதான் குறை. பத்திரமாக மடித்து வைத்திருக்கிறேன். உன் எதிரில் நிற்கத்தான் அது.

காய்ச்சல் கணக்கெடுப்பு வேலைக்கு மறுபடியும் கூப்பிட்டுவிட்டார்கள். இந்த முறை எனக்குத் திருவொற்றியூர் பக்கம். வீடு வீடாகப் போய் நெற்றிக்கு நேராகக் காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கியைக் காட்டி, "காய்ச்சல் கீதா, இருமல் கீதா, வாசனை தெரியுதா" என்று கேட்க வேண்டும். எல்லா வீட்டிலும் பொம்பளைதான் வருவாள். எல்லாப் பொம்பளையும் சொல்வது ஒரே பதில்: "ஒண்ணும் இல்லமே." உள்ளே இருமிக்கொண்டே வந்து சொல்கிறவளும் உண்டு. புருஷன் இருமினால் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவாள், தான் இருமினால் மிளகு ரசம் வைத்துக் குடிப்பாள். அவளைக் கூட்டிக்கொண்டுபோய்த் தனிமை முகாமில் வைத்துவிட்டால் அடுப்பை யார் மூட்டுவது என்பதுதான் அவள் பயம்.

அக்கா, நான் ஊசி போட்டுக்கொண்டேன். ஒன்றும் ஆகவில்லை. காது இருக்கிறது, மூக்கு இருக்கிறது, வாயைப் பற்றி நீலமேகத்தைத்தான் கேட்க வேண்டும். இறால் கம்பெனியில் நம் வேலை முடிந்ததும் கை நாற்றத்தோடு உன்னை ஊசி போட டிபி ஆஸ்பத்திரிக்குத் தினமும் கூட்டிப்போனவள் நான். காதுக்குள் இரைகிறது என்று நீ சொன்னதையும், யாரும் கேட்காததையும் பார்த்தவள் நான். அந்த ஊசி வேறு, இது வேறு. என்னை நம்பு. போட்டுக்கொள்.

தங்கை,
அன்புக்கரசி


கல்மண்டபம்
18.4.2021

அன்புக்கு,

நோன்பு ஆரம்பித்துவிட்டது. பள்ளிவாசலில் கஞ்சி வாங்க வரிசை நிற்கக் கூடாதாம். அதனால் வீட்டிலேயே காய்ச்சினேன். ஒரு ஆளுக்குக் கஞ்சி காய்ச்சத் தெரியவில்லை எனக்கு. எப்போது காய்ச்சினாலும் பத்துப் பேர் குடிக்கிற அளவுக்கு வந்துவிடுகிறது. தூக்குவாளியில் பூவம்மாவிடம் அனுப்பியிருக்கிறேன். நோன்பு திறக்கும் பாங்கு எனக்குக் கேட்காதே, எதிர்வீட்டு விளக்கைப் பார்த்துத்தான் திறக்கிறேன். அவர்கள் ஊருக்குப் போய்விட்டால் நான் பட்டினி கிடக்க வேண்டியதுதான்.

ஊசி போட்டுக்கொண்டேன் என்று எழுதினாயே, எந்தக் கையில் போட்டாய்? எத்தனை நாள் வலித்தது? காய்ச்சல் அடித்ததா? மஜீது பாய் வீட்டு அம்மாவுக்குக் கை தூக்கவே முடியவில்லையாம், எழுதிக் காட்டினாள். உனக்கு எப்படி இருந்தது என்று விவரமாக எழுது. போட்டுக்கொள்ளச் சொல்கிறவள் அதையாவது சொல்ல வேண்டாமா.

ஷம்ஷாத்


வியாசர்பாடி
29.4.2021

அக்காவுக்கு,

ஜெய்பீம். கஞ்சி அமிர்தம். நீலமேகம் வாளியை வழித்துக் குடித்துவிட்டு, "உங்க அக்கா இன்னும் நாலு மாசம் நோன்பு இருக்கட்டும்" என்கிறார். சாத்தாங்காட்டில் இரும்பு லோடு ஏற்றுகிற வேலை பாதி நாள் கிடையாது. மனுஷர் வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்க்கிறார்.

நான் எழுதவே நேரமில்லாமல் அலைகிறேன். திருவொற்றியூரில் மாட்டு மந்தைப் பக்கம் ஒரு வீடு. தேவப்பிரியம் என்று ஒரு பெண், இரண்டு பிள்ளைக்காரி. எப்போது போனாலும் தலை ஈரமாகவே இருக்கும். நெற்றியில் தண்ணீர் சொட்டும். துப்பாக்கியில் காய்ச்சலே காட்டாது. குளித்துவிட்டு வருகிறாள், சுத்தக்காரி என்று நினைத்தேன். மூன்றாவது தடவைதான் புரிந்தது. நான் தெருமுனையில் வருவதைப் பார்த்ததும் ஒரு சொம்புத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு வந்து நிற்கிறாள். "இன்னாமே, யாரை ஏமாத்துற?" என்று கேட்டேன். "போக்கா, பேஜார் பண்ணாத. நான் பட்த்துகினா இந்த வூட்ல இன்னா நடக்கும்னு உனக்குத் தெரியாதா" என்றாள். எனக்குத் தெரியும். அதனால் அன்றைக்கு எழுதாமல் வந்துவிட்டேன். நேற்று அந்த வீட்டு வாசலில் செருப்புகள் நிறையக் கிடந்தன. நான் உள்ளே போகவில்லை.

மனசு சரியில்லை அக்கா. நீயாவது ஊசி போட்டுக்கொள். நோன்பில் போட்டால் நோன்பு முறியாது என்று உங்கள் ஹஜ்ரத்தே சொல்லிவிட்டாராம், பூவம்மா விசாரித்துவிட்டு வந்தாள்.

அன்புக்கரசி


கல்மண்டபம்
6.5.2021

அன்புக்கரசிக்கு,

அந்தப் பெண்ணுக்காக அழுதேன். முகம் தெரியாதவளுக்கு அழுவது இந்த வருடம் பழகிவிட்டது.

இப்போது உன் கதைக்கு வருகிறேன். எந்தக் கை என்று கேட்டேன். நீ பதில் எழுதவில்லை. நீ எப்படிப்பட்டவள் என்று எனக்குத் தெரியாதா? விரலில் இறால் முள் குத்தினால் ஒரு வாரம் கதை சொல்கிறவள் நீ. ஊசி போட்டிருந்தால் எந்தக் கை, எந்த நர்ஸ், அவள் என்ன புடவை கட்டியிருந்தாள் என்பது வரைக்கும் எழுதியிருப்பாய். நீ போட்டுக்கொள்ளவே இல்லை.

எனக்குக் காதுதான் கேட்காது. உன்னிடம் ஏமாறுகிற அளவுக்கு மூளை கெட்டுப்போகவில்லை.

கோபம்தான், மறைக்க மாட்டேன். ஆனால் ராத்திரி படுத்து யோசித்தேன். நீ என்னைப் போடச் சொல்லிப் பொய் எழுதினாய். நான் உன்னைப் போடவைக்க மெய்யாகவே ஒன்று தருகிறேன். நீ வா. இரண்டு பேரும் ஒரே நாளில், ஒரே முகாமில், பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து போட்டுக்கொள்வோம். எனக்கு அந்த ஊசியை நினைத்தாலே கை காதுக்குப் போகிறது. இருந்தாலும் வருகிறேன். உன் பேச்சு மட்டும்தான் எனக்கு இந்த ஊரில் புரிகிற பேச்சு. நீ இல்லாமல் போனால் மிச்சம் இருக்கிற கண்ணை வைத்துக்கொண்டு நான் யாரைப் பார்ப்பேன்?

ஷம்ஷாத்


வியாசர்பாடி
12.5.2021

அக்காவுக்கு,

பிடித்துவிட்டாய். நீ போலீசில் சேர்ந்திருக்க வேண்டியவள்.

எனக்கு இரண்டு வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. உன்னிடமும் சொல்லவில்லை. கணக்கெடுப்பு வேலையில் சர்க்கரை, பிரஷர் இருக்கிறவர்கள் வேண்டாம் என்று எடுத்தவுடனே சொல்லிவிட்டார்கள். ஊசி போடுகிற இடத்தில் என்ன நோய் என்று கேட்டு எழுதுவார்களாம். அது எங்கள் சூப்பர்வைசர் கைக்குப் போனால் என் பெயரை அடித்துவிடுவார். போட்ட மறுநாள் காய்ச்சல் வந்தால் அதற்கும் வீட்டுக்கு அனுப்புவார்கள். நீலமேகம் வீட்டில் இருக்கிற நேரத்தில் நானும் உட்கார முடியுமா? அதனால் இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தேன். மற்றவர்களிடம் போய், போடுங்கள் போடுங்கள் என்று வாய் வலிக்கச் சொன்னேன்.

நீ கூப்பிட்டால் வருகிறேன். உன் பெருநாள் முடியட்டும். செவ்வாய்க்கிழமை காலையில் ராயபுரம் ஸ்கூலில் முகாம். சூப்பர்வைசரிடம் பல் வலி என்று சொல்லிக்கொள்கிறேன். ஜன்னல் மாஸ்க்கோடு வருவேன்.

பெருநாள் வாழ்த்துகள். தனியாக உட்கார்ந்து அழாதே.

அன்புக்கரசி


கல்மண்டபம்
19.5.2021

என் அன்புக்கு,

நேற்று ஊசி கிடைக்கவில்லை. ஸ்டாக் இல்லை என்று கேட்டில் எழுதி ஒட்டிவிட்டார்கள். எனக்கு அதில் வருத்தமே இல்லை, திட்டாதே.

பெருநாள் அன்று புதுத்துணி உடுத்தி, சேமியா காய்ச்சி, யாருமில்லாமல் சுவரோடு உட்கார்ந்திருந்தேன். நீ சொன்னபடி அழவில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் நேற்று அந்த ஸ்கூல் மதில் ஓரம், வேப்பமரத்தடியில் நீ வந்து நின்றாயே, அதுதான் எனக்குப் பெருநாள். ஜன்னல் மங்கும்போதெல்லாம் நீ நிறுத்தி, மூச்சை அடக்கி, தெளிந்ததும் மறுபடி பேசினாய். உங்கள் சூப்பர்வைசர் நடப்பது மாதிரி நடந்துகாட்டினாய். நீலமேகம் சோறு வடிக்கப்போய்க் கஞ்சியோடு சோற்றையும் கொட்டிய கதையைச் சொன்னாய். ஒரு சொல் விடாமல் எனக்குப் புரிந்தது. வரிசையில் நின்றவர்கள் நம் இருவரையும் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

ஜூன் ஒன்றாம் தேதி செவ்வாய்க்கிழமை ஸ்டாக் வருமாம். டோக்கன் கொடுத்துவிட்டார்கள். உன்னுடையதும் என்னிடம்தான் இருக்கிறது. உன்னிடம் கொடுத்தால் தொலைத்துவிடுவாய். காலையில் அதே வேப்பமரத்தடியில் நிற்பேன்.

ஷம்ஷாத்


வியாசர்பாடி
28.5.2021

அக்காவுக்கு,

ஜெய்பீம். கை கொஞ்சம் அசதி, கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

ஒரு வேடிக்கை கேள். எங்கள் தெருவில் கணக்கெடுக்கும் பெண் மகிமா, என்னோடு பயிற்சிக்கு வந்தவள். முந்தாநாள் என் வீட்டு வாசலில் வந்து நின்று, "அன்புக்கா, காய்ச்சல் கீதா, இருமல் கீதா?" என்கிறாள். என் வேலையை என்னிடமே செய்கிறாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒண்ணும் இல்லமே." சொல்லிவிட்டு எனக்கே சிரிப்பு வந்தது. தலை வேறு ஈரமாக இருந்தது. வெயில் தாங்கவில்லை என்று ஒரு சொம்பு ஊற்றிக்கொண்டு வந்திருந்தேன்.

சாதாரணக் காய்ச்சல்தான். வெயிலில் அலைந்த சூடு. மிளகு ரசம் குடிக்கிறேன், மஞ்சள் பால் குடிக்கிறேன். சமையல் நடக்கிறது. நேற்று கருவாடு வறுத்தேன். வாசனையே இல்லாத கருவாடு, கருவாட்டுக்காரி நம்மை ஏமாற்றி விற்றுவிட்டாள் என்று கத்தினேன். மதி மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடுகிறாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எல்லாம் பாசாங்கு.

செவ்வாய்க்கிழமைக்குள் சரியாகிவிடும். மரத்தடியில் நில்லு. வருவேன்.

அன்பு


கல்மண்டபம்
29.5.2021

அன்பு,

இதைப் படித்த உடனே கிளம்பு. பூவம்மாவைக் குப்பை வண்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடச் சொல்லியிருக்கிறேன்.

கருவாட்டில் குற்றம் இல்லை. வாசனை தெரிகிறதா என்று நீ எத்தனை வீட்டு வாசலில் கேட்டிருப்பாய்? உன் மூக்கை உனக்குத் தெரியவில்லையா? ஈரத் தலையோடு நின்றவளைப் பற்றி எனக்கு எழுதியவள் நீதானே? வேலை போனால் போகட்டும். சூப்பர்வைசர் பெயரை அடித்தால் அடிக்கட்டும். நீலமேகம் சோற்றைக் கொட்டினால் கொட்டட்டும், ஒரு மாதம் கஞ்சியாகக் குடித்தால் யாரும் செத்துவிட மாட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போ. சர்க்கரை இருக்கிறது என்று முதல் வார்த்தையாகச் சொல்.

நான் வந்திருப்பேன். போலீஸ் பாலத்தில் நிறுத்தி ஏதாவது கேட்டால் எனக்குப் புரியாது, பதில் சொல்லத் தெரியாது. அதனால் எழுதுகிறேன். போ.

ஷம்ஷாத்


கல்மண்டபம்
1.6.2021

அன்பு,

இடது கை.

வேப்பமரத்தடியில் வெயில் ஏறும் வரை நின்றேன். உன்னைத் திட்டிக்கொண்டே நின்றேன். வாய்விட்டே திட்டினேன் போலிருக்கிறது, எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வீடு பூட்டியிருக்கிறது, ஸ்டான்லிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்று பூவம்மா மண்ணில் குச்சியால் எழுதிக் காட்டினாள். நல்லது. ஆஸ்பத்திரியில் இருந்தால் நல்லதுதான். அங்கே காற்று கொடுப்பார்கள்.

திரும்பி வீட்டுக்குப் போய்விடத்தான் நினைத்தேன். நீ இல்லாமல் என்ன ஊசி. ஆனால் நீ வந்து, "போட்டுக்கினியா?" என்று கேட்டால் நான் என்ன சொல்வது? உன் மாதிரிப் பொய் எழுத எனக்கு வராது. "காது கேட்காது, எழுதிக் காட்டுங்கள்" என்று ஒரு அட்டையில் எழுதிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உள்ளே போனேன். அந்த நர்ஸ் பெண் பொறுமையாக எழுதினாள். சர்க்கரை இருக்கிறதா, பிரஷர் இருக்கிறதா என்று கேட்டாள் அன்பு. கேட்டுவிட்டுப் பேசாமல் போட்டாள். அவ்வளவுதான். அதை வைத்து யாரும் யாரையும் அனுப்பவில்லை.

அரை மணி நேரம் உட்காரச் சொன்னார்கள். கடிகாரத்தைப் பார்க்கவில்லை. கண்ணை மூடி, காதுக்குள் இரைகிறதா என்று கவனித்துக்கொண்டிருந்தேன். கேட்காத காதில் எது இரையும், பைத்தியக்காரி நான்.

உன் டோக்கனைக் காட்டி, என் தங்கை ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் வருவாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

சீக்கிரம் வா. கை வலிக்கிறது, கதை சொல்ல ஆள் வேண்டும்.

ஷம்ஷாத்


கல்மண்டபம்
22.6.2021

அன்பு,

யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று பூவம்மா கையை விரித்துக் கேட்டாள். மதியிடம் கொடு என்றேன். பிள்ளை படிக்கட்டும். ஆனால் உனக்குத்தான் எழுதுகிறேன்.

போன வாரம் மதியம் கதவிடுக்கில் நிழலாடியது. திறந்தால் வாசலில் ஒரு பெண், நான் தைத்த ஜன்னல் மாஸ்க்கோடு. ஒரு நொடி நீதான் என்று நினைத்தேன். அதே வாய், அதே முன்பல். சிரித்துக்கொண்டே "வாடி" என்று கையை நீட்டிவிட்டேன். மதி.

அவள் சொன்னாள். உன் வாய் அசைவது மாதிரியேதான் அசைந்தது. ஆனால் அழுதுகொண்டே சொன்னாள், ஆவி படிந்து ஜன்னல் வெள்ளையாகிவிட்டது. பாதிதான் தெரிந்தது. அந்தப் பாதியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் மஜீது பாயிடம் சிரித்தது ஞாபகம் வந்தது. இந்த முறை தப்பாகப் புரிந்துகொண்டு நிற்கக் கூடாது. அதனால் இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். பிள்ளை பாவம், மாஸ்க்கை இழுத்துப் பாவாடையில் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு, எனக்கு நேராக நின்று மெதுவாகச் சொன்னாள். "பெரிம்மா, அம்மா செத்துப்போச்சு." மூச்சை அடக்கிக்கொண்டு சொன்னாள், ஜன்னல் மங்காமல் இருக்க. நீ சொல்லிக்கொடுத்திருப்பாய்.

உன் சிரிப்பைப் பார்க்கத் தைத்தேன் அன்பு. இதைப் பார்க்கவா தைத்தேன்?

உன்னை மூட்டை மாதிரிக் கட்டி மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனார்களாம், நீலமேகத்தையும் பத்தடி தள்ளியே நிற்க வைத்தார்களாம். நான் அன்றைக்கு என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். யாருடைய ஜாக்கெட்டுக்கோ கொக்கி வைத்துக்கொண்டிருந்திருப்பேன். எனக்கு ஒரு சத்தமும் வரவில்லை.

உன் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. ஊர் முழுக்கக் கதவைத் தட்டி எல்லாப் பொம்பளையையும் கேட்டாய். உன்னை ஒருத்தி கேட்டபோது மட்டும் ஒண்ணும் இல்லை என்றாய். நான் கேட்டபோதாவது உடனே சொல்லியிருக்கலாம்.

நேற்று மதியை நானே கூட்டிப்போனேன். பதினெட்டு தாண்டியவர்களுக்கும் போடுகிறார்கள். காலையில் வந்து, காய்ச்சல் வருமோ, அப்பாவுக்குச் சமைக்க வேண்டுமே என்று ஆரம்பித்தாள். உன் பெண்தானே. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். வேப்பமரத்தடியில் நிற்காமல் நேராக உள்ளே போனோம். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் பக்கத்தில் நின்று, மருந்து முழுக்க இறங்கும் வரை பார்த்தேன்.

இடது கையில் போட்டார்கள்.

ஷம்ஷாத்